சித்தி திரும்பி நிற்கும் படம்

திருநின்றவூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் ஹாலில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. ரயில் நடைமேடையின் கடைசியில், கூரை முடிந்துபோகும் இடத்தில், ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். மாம்பழ நிறப் புடவை, பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய ஒயர் கூடை, பின்னாமல் அள்ளிச் செருகிய கொண்டை. ரயில் இல்லை. தண்டவாளத்துக்கு அப்பால் புகைபோக்கிகளும் வெளுத்த வானமும். வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி டம்ளரைக் கையில் வாங்கியதும், யார் இது என்றுதான் முதலில் கேட்பார்கள். சித்தி என்பேன். "சித்தின்னா மூஞ்சி தெரியறாப்புல மாட்டக் கூடாதா?" என்று எதிர்வீட்டு அக்கா ஒருமுறை கேட்டார். படத்தைத் திருப்பி மாட்டினால் முகம் வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அடுத்த கேள்வி ஜன்னலைப் பற்றி வரும். படத்தை ஒட்டினாற்போல், மேற்கே பார்த்த ஜன்னலில் கனத்த திரை தொங்குகிறது. நல்ல காற்று வருகிற ஜன்னல்தான், ஆனால் மாலை வேளையில் அந்தத் திரையை நாங்கள் விலக்குவதில்லை. அதை மாட்டியவர் என் சித்தப்பா.

சித்தப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பை உருக்கி வார்க்கும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்டர் வேலை. வார்த்து எடுத்த பாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நேராக வெளிச்சம் போட்டால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும், டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடித்தால்தான் மேடு பள்ளம் வெளியே வரும் என்பார். அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. புதுக் குடம் வாங்கினாலும், கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு கொடுத்தாலும் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பார். கெட்ட மனிதர் இல்லை, குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே கிடையாது. ஆனால் அவர் கண் ஒன்றின்மேல் நின்றால், அதில் எங்கோ குறை இருக்கிறது என்று நமக்கே தோன்ற ஆரம்பித்துவிடும். சித்தி அந்த ஒயர் கூடையைப் பின்னியபோது பச்சை வர வேண்டிய ஒரு வரிசையில் வெள்ளையைக் கோத்துவிட்டாள். கூடையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் சித்தப்பா அந்த வரிசையை விரலால் தடவுவார். ஒன்றும் சொல்ல மாட்டார், தடவுவார், அவ்வளவுதான். "உங்க சித்தப்பா என்னப் பாக்கறப்பல்லாம் டார்ச்சு அடிக்கற மாதிரியே இருக்கும்டி" என்று சித்தி ஒருநாள் பூ கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது, ஒரு காலையில் சித்தி நாஷ்டா செய்து மூடி வைத்துவிட்டு, திருவாலங்காடு கோயிலுக்குப் போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். மாம்பழ நிறப் புடவை, கூடையில் தேங்காய் பழம். திருநின்றவூரில் அரக்கோணம் ரயிலில் அவள் ஏறியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். திருவாலங்காட்டில் இறங்கியதைப் பார்த்தவர்கள் யாருமில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம், ஆஸ்பத்திரிகளில் தேடினோம், தூரத்து உறவு வீடுகளுக்கெல்லாம் போய்ப் பார்த்தோம். வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. குழந்தை இல்லாத ஏக்கம் என்று சிலர் சொன்னார்கள், தண்டவாளத்தைக் கடக்கும்போது ஏதாவது ஆகியிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். சித்தப்பா வேலைக்குப் போனார், வந்தார், சமைத்துச் சாப்பிட்டார்.

வருஷக்கணக்காகத் தேடியும் கிடைக்காதவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, உடலுக்குச் செய்வதையெல்லாம் அதற்குச் செய்து கொளுத்திவிட்டு, காரியத்தை முடித்துப் படத்துக்கு மாலை போட்டுவிடுவார்கள். மாலை போட்டுவிட்டால் போனவர் போனவராகிவிடுவார். வீட்டில் நல்லது கெட்டது செய்யலாம், இருக்கிறவர் இன்னொரு வாழ்க்கையைத் தொடங்கலாம். நான் கல்லூரியில் கடைசி வருஷத்துக்கு வந்த பிறகு, தம்பியின் தனிமையைப் பார்க்கச் சகிக்காமல் அப்பா அதற்கு ஏற்பாடு செய்தார். சித்தியின் கல்யாண போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கி வந்தார். சித்தப்பா வீட்டுச் சுவரில் ஆணியும் அடித்தாகிவிட்டது. சித்தப்பா நெடுநாள் பிடிகொடுக்காமல் இருந்து, கடைசியில் "செய்ங்க" என்றார். ஐயரிடம் சொல்லி நாள் குறித்தார்கள்.

அந்த வாரத்தில்தான் கம்பெனி அவரைச் சென்னைக்கு அனுப்பியது. புதிதாகக் கட்டிய ஆபீசில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் அறைக்கு, நம் பக்கத்து ஓவியர்கள் வரைந்த படங்கள் வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகி, ஆழ்வார்பேட்டையில் ஒரு கேலரியில் தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தார்கள். சிராய்ப்பு இல்லாமல் பார்த்து வாங்கிவரச் சித்தப்பாவை விட்டால் வேறு ஆள் ஏது? மத்தியானம் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "பாப்பா, காலேஜ்ல சொல்ட்டு ஒடனே கெளம்பி வா" என்று இடத்தைச் சொன்னார். குரல் அவருடையது போலவே இல்லை. ஆட்டோ பிடித்துப் போனேன். மர வாசனையும் ஏசிக் குளிருமாக இருந்த அந்தக் கூடத்தில், கம்பெனி டிரைவர் ஓரமாக உட்கார்ந்திருக்க, சித்தப்பா ஒரு படத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். கோயில் என்று நினைத்துக் கழற்றினாரா, அவர் அறியாமலே அது கழன்றதா, தெரியாது.

நானும் அவர் பக்கத்தில் போய்ப் படத்தைப் பார்த்தேன். கூடையின் காதுகளைக் கையால் பிடிக்காமல், இரண்டுக்குள்ளும் கையை நுழைத்து முழங்கை மடிப்பில் தொங்கவிட்டிருந்தாள் அந்தப் பெண். இடது பாதத்தைத் தூக்கி வலது கணுக்காலில் தேய்த்தபடி நின்றாள். நின்றால் கால் சும்மா இருக்காது சித்திக்கு. இதெல்லாம் ஊரில் ஆயிரம் பெண்களுக்கு இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சித்தப்பா கூடையைக் காட்டினார். பச்சை வர வேண்டிய ஒரு வரிசையில் வெள்ளை ஓடியது. "போன வருஷம் வரைஞ்சது சார்" என்றாள் கேலரியில் இருந்த பெண். படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டில் 'கும்மிடிப்பூண்டி' என்று மட்டும் இருந்தது. கம்பெனிக்கென்று எடுத்து வைத்த படங்களின் சீட்டுகளில் சிவப்பாக ஒரு வட்டம் ஒட்டியிருந்தார்கள். "இன்னாத்துக்கும்மா இதுக்கெல்லாம் பொட்டு வச்சிருக்கீங்க?" என்று சித்தப்பா கேட்டார். வித்துப்போச்சுன்னு அர்த்தம் சார் என்றாள் அவள். "அப்ப இதுக்கும் ஒண்ணு வச்சிடு" என்றார். விலையைக் கேட்டபோது எனக்குத்தான் மூச்சு நின்றது. தன் சேமிப்பில் கை வைத்து அடுத்த நாளே அதைக் கொண்டுவந்து, சித்தியின் போட்டோவுக்காக அடித்த ஆணியில் மாட்டினார். ஐயரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பா கத்திவிட்டுப் போனார். யாரோ வரைந்த முதுகைப் பார்த்துவிட்டு உயிரோடு இருக்கிறாள் என்று நம்புவதா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி மட்டும்தான் இருந்தது.

ஓவியர் எங்கோ வடக்கே பயிற்சி முகாமுக்குப் போயிருப்பதாகவும், வந்ததும் சொல்வதாகவும் கேலரியில் சொன்னார்கள். சித்தப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. அதே கை வரைந்த வேறு படம் எங்காவது இருக்கும், அதிலாவது அவள் இந்தப் பக்கம் பார்த்து நிற்பாள் என்று ஒரு நினைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ரயிலேறி சென்னையின் கேலரிகளைத் தேடிப்போனோம். எழும்பூரில், நுங்கம்பாக்கத்தில், அடையாற்றில், கிழக்குக் கடற்கரைச் சாலையில். அதுவரை எனக்கு ஓவியம் என்றால் காலண்டர்தான். ஒரு கேலரியில் செங்கல்லை அடுக்கிவைத்து அதையும் கலை என்று விளக்கு போட்டிருந்தார்கள். சித்தப்பா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சூளைல சரியா வேகல" என்றார். நான் சிரிப்பை அடக்க வெளியே ஓடினேன். இன்னொன்றில் கறுப்பு வண்ணம் மட்டுமே பூசிய படத்துக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்றார். மூலைக்கு ஒன்றாய் மாட்டியிருந்த நம் ஊர்க்காரர்களின் படங்கள், பழவேற்காட்டுப் படகும் பூண்டி ஏரித் தண்ணீரும், எனக்கே பிடிக்கத் தொடங்கின. அந்த ஓவியரின் படம் ஒன்று மட்டும்தான் அகப்பட்டது. அதே நடைமேடை, அதே கூரை. ஷிப்டு முடிந்த கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது. ஆனால் கடைசியில், எங்கள் படத்தில் சித்தி நிற்கும் இடத்தில், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு எல்லோரும் ஒதுங்கி நிற்கிறார்கள். இது முதலில் வரைந்ததா, அது முதலில் வரைந்ததா என்று கேட்டோம். அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அதற்குள் அந்தப் படம், எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த சித்தப்பா வீட்டில் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார யாராலும் முடியவில்லை. வீட்டு வேலைக்கு வந்த பெண்மணி, பெருக்கும்போது அந்தச் சுவர்ப் பக்கம் மட்டும் குனியவே மாட்டார். "அது நம்மள பாக்குதும்மா" என்றார். முதுகு எப்படிப் பார்க்கும் என்று நான் கேலி செய்தேன். ஆனால் நானும் கூடத்தைக் கடக்கும்போது துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டுதான் கடந்தேன். நான் அங்கே இருந்த ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. சித்தப்பா வழக்கம்போல டார்ச்சை எடுத்தார். மெழுகுவர்த்தி தேடித்தான் எடுத்தார் என்று இன்றும் நம்புகிறேன். கடக்கும்போது வெளிச்சம் படத்தின்மேல் பக்கவாட்டில் விழுந்தது. அவர் நின்றுவிட்டார். பிறகு டார்ச்சைச் சட்டத்தோடு ஒட்டிப் படுக்க வைத்து அடித்தார். "இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டார்.

அந்தக் கூந்தலுக்குள் ஒரு முகம் இருந்தது. கறுப்பு வண்ணத்துக்கு அடியில் பழைய வண்ணத்தின் மேடுகள். நெற்றி, மூக்கு, இரண்டு கண்களின் வளைவு, நெற்றி நடுவே வட்டமாக, கெட்டியாக வைத்த பொட்டு. நேர் வெளிச்சத்தில் வெறும் கூந்தல், சாய்ந்த வெளிச்சத்தில் நம்மையே பார்க்கிற பெண். முதலில் இந்தப் பக்கம் பார்த்து நிற்க வரைந்துவிட்டு, பிறகு அதன்மேலேயே கூந்தலை வரைந்து அவளைத் திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள். இத்தனை நாளும் அவள் முதுகைக் காட்டவில்லை, முடிக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். சித்தப்பா டார்ச்சை மேலும் கீழும் நகர்த்தினார். நகர்த்தும்போதெல்லாம் அந்தக் கண்கள் திறந்து மூடுவது போலிருந்தது. போதும் சித்தப்பா என்று நான் அவர் கையைப் பிடித்தேன்.

ஓவியர் ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று தெரிந்ததும் பழவேற்காட்டுக்குப் போனோம். கடைவீதியில் அவர்கள் குடும்பத்துக்கு ஜவுளிக்கடை இருந்தது. மாடியில் துணி மூட்டைகளுக்கு நடுவே அவர் படம் வரைகிற இடம். சித்தப்பா சுற்றி வளைக்காமல் கேட்டார். "பாய், அந்தப் படத்துல மூஞ்சி போட்டு அழிச்சிருக்கீங்க. இன்னாத்துக்கு?" ஓவியர் எங்களை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "எப்டிண்ணே கண்டுபுடிச்சீங்க?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது அந்தப் பெண்ணைப் பார்த்தாராம். முகம் மனசில் நின்றுவிட்டது, அறைக்கு வந்து அப்படியே வரைந்தார். வேறொரு நாள் அதே இடத்தில் அவளைப் பார்த்ததும் செல்போனில் படத்தைக் காட்டினார். "ரொம்ப நேரம் பாத்தாங்கண்ணே. நல்லா கீதுன்னாங்க. இத யாராவது காசு குடுத்து வாங்கிகினு போயி ஊட்ல மாட்டிப்பாங்களான்னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன். அப்ப என்னத் திருப்பி நிக்க வச்சிடுங்க, மூஞ்சி வாணாம்னாங்க. இன்னாத்துக்குன்னு கேட்டதுக்கு, ஒருத்தர் பாத்துகினே இருப்பாருன்னாங்க." அவர் செல்போனைப் பையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது நடைமேடையில் யாருமில்லை. ரயில் எதுவும் வரவுமில்லை, போகவுமில்லை. அதற்குப் பிறகு அவளை அவர் பார்க்கவேயில்லை.

திரும்பும் பஸ் பொன்னேரிக்குள் நுழைந்தது. சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "அவ மூஞ்சிய மூடச் சொன்னது அந்தாளாண்ட இல்ல பாப்பா. என்னாண்ட" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் போய் நின்று தேடுங்கள் என்று அப்பா, அம்மா, நான் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். அவர் போகவில்லை. நான் ஒருநாள் ரகசியமாகப் போய் அந்த நடைமேடையின் கடைசியில் நின்று பார்த்தேன். வெயில் இருந்தது, காய்ந்த புல் இருந்தது. சித்தப்பா வேலைக்குப் போகும் கம்பெனி பஸ் தினமும் ஸ்டேஷன் பக்கமாகத்தான் போகும். அதுவரை இடப்பக்கம் உட்கார்ந்து வந்தவர், ஸ்டேஷன் கண்ணில் படாத வலப்பக்கத்துக்கு இடம் மாறிவிட்டதாகக் கூட வேலை பார்த்தவர் ஒருவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். தேடாமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அப்போது தெரியாது. டார்ச்சை அவர் வீட்டில் மறுபடி எடுக்கவேயில்லை. கரண்ட் போனால் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

எனக்குக் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தோம். ஓய்வு பெற்றபின் சித்தப்பா எங்களோடு தங்க வந்தபோது ஒரு பெட்டி துணியும் அந்தப் படமும்தான் கொண்டுவந்தார். ஹாலில் மாட்டிய முதல் சாயங்காலம், மேற்கு ஜன்னல் வழியாகப் படுத்து வந்த வெயில் படத்தின்மேல் விழுந்தது. கூந்தலுக்குள் நெற்றி எழும்பியது. கண்கள் எழும்பின. தட்டோடு வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். சித்தப்பா எழுந்து, படத்தைப் பார்க்காமலே, இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ஜன்னலில் தொங்கவிட்டார். அடுத்த நாள் கடைக்குப் போய்க் கனத்த திரையாகப் பார்த்து வாங்கிவந்தார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தது நினைவிருக்கிறது.

போன மார்கழியில் சித்தப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். காரியம் எங்கள் வீட்டில்தான் நடந்தது. அவருடைய போட்டோவைப் பெரிதாக்கி, மாலை போட்டு, படத்துக்கு எதிர்ச் சுவரில் மாட்டினோம். பெண்டாட்டிக்குப் பொட்டெடுத்துத் தாலி கழற்றுகிற சடங்கு வந்தபோது உறவுக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை யாருக்குச் செய்வது? அம்மாதான் முடிவு சொன்னாள். "உட்டுடுங்க. அவளுக்குத் தெரியற வரைக்கும் அவ பூவும் பொட்டுமா இருக்கட்டும்." எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போனார்கள்.

மறுநாள் காலை ஹாலைக் கூட்டினேன். படத்துக்கு நேர்கீழே தரையில் மிளகளவில் ஏதோ கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். காய்ந்த வண்ணத்தின் சில்லு. ஒரு பக்கம் கூந்தல் கறுப்பு. திருப்பினால் குங்குமச் சிவப்பு. நிமிர்ந்து பார்த்தேன். கொண்டைக்குச் சற்று மேலே, அந்தப் பொட்டு இருந்த இடத்தில், வண்ணத்துக்கு அடியிலிருந்த வெள்ளைத் துணி வட்டமாகத் தெரிந்தது. கூட்டத்தில் யார் தோளாவது உரசியிருக்கலாம். கெட்டியாக வைத்த வண்ணம் வருஷம் போனால் உதிரும் என்று ஓவியருக்குப் போன் செய்தபோது அவரும் சொன்னார், வந்து சரிசெய்து தருகிறேன் என்றார். வேண்டாம் பாய் என்றேன். அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவளுக்கு யாருடி சொன்னது?"

அந்தச் சில்லை ஒரு குங்குமச் சிமிழில் போட்டுச் சித்தப்பா போட்டோவுக்குக் கீழே வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் இப்போது அந்த வெள்ளை வட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள், பெயின்ட் உதிர்ந்துவிட்டது என்கிறேன். சாயங்காலமானால் திரைக்குப் பின்னால் வெயில் வந்து நிற்பது தெரிகிறது. ஒரு விரலால் விலக்கினால் போதும், சித்தியின் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். எழுந்து போய் ஹால் விளக்கைப் போடுகிறேன்.